வேலை போன பிறகு: முழுநேரத் தேடலா, கிடைத்த வேலையா?

ஒருவருக்கு வேலை போனால் முதல் வாரத்திலேயே வீட்டில் இரண்டு விதமான பேச்சு எழும். "கிடைச்சதைப் பிடி, சும்மா உட்காராதே" என்று ஒரு பக்கம். "அவசரப்பட்டு எதிலயாவது மாட்டிக்காதே, உன் அனுபவத்துக்கு நல்லதாவே வரும்" என்று இன்னொரு பக்கம். இரண்டுமே அக்கறையில் வருகிற பேச்சுதான். ஆனால் கேட்பவர் எந்தப் பக்கம் போவது என்று தெரியாமல் தவித்து, எதையும் செய்யாமலே வாரங்களைக் கடத்திவிடுகிறார். அந்தத் தவிப்பைக் குறைக்கத்தான் இந்த ஒப்பீடு.

உண்மையில் வழிகள் நான்கு. முழுநேரமாகத் தேடுவது, தகுதிக்குக் குறைவானாலும் கிடைத்த வேலையில் சேர்ந்துகொண்டு தேடுவது, சொந்தத் துறையிலேயே கான்ட்ராக்ட் அல்லது ஃப்ரீலான்ஸ் வேலை எடுப்பது, ஒரு கோர்ஸில் சேர்வது. என் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பணம் தாங்கும் வரை முதல் வழி. தாங்காது என்று தெரியத் தொடங்கும்போது மூன்றாவது. அதுவும் அமையாவிட்டால் தயங்காமல் இரண்டாவது. நான்காவதை மிகச் சிலருக்கே சொல்வேன். எந்த வழியில் இறங்கினாலும், அதில் எந்தத் தேதி வரை இருக்கப்போகிறோம் என்பதை இறங்கும் முன்பே எழுதி வைத்துவிட வேண்டும். மனம் கலங்கியிருக்கும் நாளில் எடுக்கிற முடிவைவிட, தெளிவாக இருந்த நாளில் குறித்து வைத்த தேதி நம்பத் தக்கது.

முதலில் கைக்காசு

எந்த வழி என்று பேசுவதற்கு முன்னால் ஒரு கணக்கு போட வேண்டும். செட்டில்மென்ட்டாக வந்தது, வரவேண்டிய பாக்கி, உடனே எடுக்கக்கூடிய சேமிப்பு, இவற்றைக் கூட்டுங்கள். முதுமைக்கென்று ஒதுக்கியதை இதில் சேர்க்க வேண்டாம். வேலையின்மை உதவித்தொகை தருகிற நாட்டில் இருந்தால் அதைச் சேர்க்கலாம். விண்ணப்பத்தைத் தாமதிக்காமல் போட்டுவிட வேண்டும். அப்புறம் மாதச் செலவு. வேலையில் இருந்தபோது ஆன செலவை எடுக்காதீர்கள். வாடகை, தவணை, சாப்பாடு, பிள்ளைகளின் படிப்பு, மருந்து, இன்சூரன்ஸ் என்று தவிர்க்கவே முடியாததை மட்டும் எழுதிக் கூட்டுங்கள். முன்னதைப் பின்னதால் வகுத்தால் எத்தனை மாதம் தாங்கும் என்று வரும்.

இந்த எண்ணிலிருந்து இரண்டைக் கழித்துவிடுங்கள். இதைத்தான் பெரும்பாலானோர் விட்டுவிடுகிறார்கள். முதல் இன்டர்வியூவுக்கும் கையில் ஆஃபர் வருவதற்கும் இடையில் பல சுற்றுகள், பின்னணி சரிபார்ப்பு, சேரும் தேதி என்று வாரங்கள் போகும். சேர்ந்த பிறகும் முதல் சம்பளம் வர ஒரு மாதம் ஆகலாம். ஏழு மாதம் தாங்கும் என்று கணக்கு சொன்னால், தேடுவதற்கு உங்களிடம் இருப்பது ஐந்து மாதம்தான்.

செலவைக் குறைக்கும்போது மருந்திலும் மருத்துவ இன்சூரன்ஸிலும் கை வைக்காதீர்கள். 1970-80களில் அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் பெருமளவு ஆட்குறைப்பில் வேலை இழந்த, நீண்ட காலம் ஒரே இடத்தில் பணியாற்றிய ஆண்களின் பதிவுகளை டேனியல் சல்லிவனும் டில் ஃபான் வாக்டரும் ஆராய்ந்தார்கள். வேலை போனதை அடுத்த ஆண்டில் அவர்களின் இறப்பு விகிதம் மற்றவர்களுடையதைவிட 50 முதல் 100 சதவீதம் வரை கூடுதலாக இருந்தது. பயமுறுத்துவதற்காக இதைச் சொல்லவில்லை. பிரஷர் மாத்திரையை "அடுத்த மாசம் பார்த்துக்கலாம்" என்று தள்ளிப்போடுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். அந்த மிச்சம் வேண்டவே வேண்டாம்.

கழித்த பிறகு நான்கு மாதத்துக்கு மேல் இருந்தால் முழுநேரத் தேடலைத் தொடங்கலாம். இரண்டுக்கும் நான்குக்கும் நடுவில் என்றால் தேடலோடு கான்ட்ராக்ட் வேலையையும் முதல் நாளிலிருந்தே பாருங்கள். இரண்டுக்குக் கீழே என்றால் கிடைத்த வேலையில் சேருங்கள். இது என் அளவுகோல்; வீட்டில் இன்னொரு வருமானம் இருந்தால் கொஞ்சம் தளர்த்திக்கொள்ளலாம், கடன் இருந்தால் இறுக்க வேண்டும்.

முழுநேரத் தேடல்

இதன் பெரிய பலம், உங்கள் நேரம் உங்கள் கையில் இருப்பது. நாளை காலை பதினோரு மணிக்கு வர முடியுமா என்று கேட்டால் முடியும் என்று சொல்லலாம். இன்டர்வியூவுக்கு முந்தைய நாள் அந்த நிறுவனத்தைப் பற்றிப் படிக்கலாம். களைப்பில்லாத முகத்தோடு போகலாம்.

இதன் பெரிய ஆபத்தும் அந்த நேரம்தான். 1930களின் தொடக்கத்தில் ஆஸ்திரியாவில் மரியன்தால் என்ற சிற்றூரின் துணி ஆலை மூடப்பட்டு, ஊரே வேலையில்லாமல் ஆனது. மாரி யகோடா, பால் லாசர்ஸ்ஃபெல்ட், ஹான்ஸ் சைசல் ஆகியோர் அங்கே சென்று பார்த்ததை 1933-இல் வெளியிட்டார்கள். கை நிறைய நேரம் இருந்தும் நூலகத்தில் மக்கள் எடுக்கும் புத்தகங்கள் ஏறக்குறைய பாதியாகிவிட்டன. தெருவில் ஆண்களின் நடை தளர்ந்து, போகும் வழியில் அடிக்கடி நின்று நின்று போனார்கள். அன்று என்னென்ன செய்தீர்கள் என்று எழுதித் தரச் சொன்னபோது, பலரால் ஒரு நாளில் இரண்டு மூன்று விஷயங்களுக்கு மேல் நினைவுகூர முடியவில்லை. வேலை சம்பளத்தை மட்டும் தருவதில்லை; நாளுக்கு ஒரு வடிவம், வீட்டுக்கு வெளியே மனிதர்கள், நான் இன்னார் என்ற இடம் ஆகியவற்றையும் தருகிறது என்று யகோடா பின்னாளில் விளக்கியது இந்த அனுபவத்திலிருந்துதான்.

இதே தளர்ச்சி நம் காலத்திலும் தெரிகிறது. 2009-10இல் ஆலன் குரூகரும் ஆண்ட்ரியாஸ் மியூல்லரும் நியூஜெர்சியில் வேலையில்லாத 6,000-க்கும் மேற்பட்டவர்களிடம் வாராவாரம் கேட்டுப் பதிவுசெய்தார்கள். வாரங்கள் போகப் போக ஒவ்வொருவரும் தேடலுக்குச் செலவிடும் நேரம் குறைந்துகொண்டே வந்தது. தேடும் வேளையில் ஏற்படும் சோகம் கூடிக்கொண்டே போனது. சோம்பேறித்தனம் என்று வீட்டார் நினைப்பது பல நேரம் இதுதான்.

ஆகவே முழுநேரத் தேடல் என்றால் நாள் முழுக்க லேப்டாப் முன்னால் உட்காருவது என்று பொருள் கொள்ள வேண்டாம். காலையில் நான்கு மணி நேரம் போதும். அதற்கு மேல் உட்கார்ந்தால் பொருந்தாத வேலைகளுக்கும் விண்ணப்பம் போகும், பதில் வராத விண்ணப்பங்கள் குவியும், மனம் இன்னும் சுருங்கும். மதியத்துக்குப் பின் உடம்புக்கு ஒரு வேலை, ஒரு மனிதரோடு பேச்சு, வீட்டுக்கு ஓர் உதவி. இரவில் வேலைத் தளங்களைத் திறக்கவே கூடாது. அந்த நேரத்தில் பார்ப்பது தூக்கத்தைத்தான் கெடுக்கும்.

அந்த நான்கு மணி நேரத்தில் பாதிக்கு மேல் மனிதர்களுக்குப் போக வேண்டும். மார்க் கிரானோவெட்டர் பாஸ்டன் பக்கத்து ஊரொன்றில் வேலை மாறியவர்களிடம் விசாரித்து, 1973-இல் தன் புகழ்பெற்ற கட்டுரையை எழுதினார். தெரிந்தவர் மூலம் வேலை கிடைத்தவர்களில் அந்தத் தெரிந்தவரை அடிக்கடி சந்தித்தவர்கள் 16.7 சதவீதம் மட்டுமே. எப்போதாவது பார்ப்பவர் 55.6 சதவீதம், அரிதாகவே பார்ப்பவர் 27.8 சதவீதம். லிங்க்ட்இன்னில் சுமார் 2 கோடிப் பேரை வைத்து நடந்து, 2022-இல் வெளியான சோதனைகளின் முடிவும் ஏறத்தாழ இதே திசையில்தான் இருந்தது: நெருங்கியவரைவிட, ஓரளவு தூரத்துப் பழக்கம்தான் வேலை மாற்றத்துக்கு அதிகம் உதவியது. காரணம் எளிது. நெருங்கிய நண்பருக்குத் தெரிந்த காலியிடம் பெரும்பாலும் உங்களுக்கும் தெரிந்திருக்கும். ஐந்து வருடத்துக்கு முன் ஒன்றாக வேலை பார்த்தவர் வேறு உலகத்தில் இருக்கிறார்.

அவருக்கு எப்படி எழுதுவது என்று தெரியாமல்தான் பலர் விட்டுவிடுகிறார்கள். இப்படி எழுதலாம்: "வணக்கம் சார். போன மாதத்தோடு என் வேலை முடிந்துவிட்டது, எங்கள் டீமையே குறைத்துவிட்டார்கள். ஸ்டாக் பிளானிங்கில் வேலை தேடுகிறேன். உங்களுக்குத் தெரிந்த இடங்களில் இந்தப் பிரிவை யார் பார்க்கிறார்கள் என்று ஒரு பெயர் சொன்னால் போதும், நானே பேசிக்கொள்கிறேன்." இதில் நீங்கள் வேலை கேட்கவில்லை; ஒரு பெயரைக் கேட்கிறீர்கள். அது அவரால் உடனே தர முடிந்தது. பயோடேட்டாவை அவர் கேட்ட பிறகு அனுப்பினால் போதும். "ஏதாவது இருந்தா சொல்லுங்க" என்று எழுதினால் அவருக்கு எதைச் சொல்வதென்றே தெரியாது.

இந்த வழியில் போகிறவர்கள் மிகவும் அஞ்சுவது பயோடேட்டாவில் விழும் கேப், அதாவது வேலையில்லாத இடைவெளி. அந்தப் பயத்துக்கு ஓர் அளவு உண்டு. 2013-இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில் கோரி கிராஃப்ட் குழுவினர் சுமார் 12,000 கற்பனை விண்ணப்பங்களை உண்மையான வேலை விளம்பரங்களுக்கு அனுப்பிப் பார்த்தார்கள். வேலையில்லாத காலம் நீள நீள அழைப்புகள் குறைந்தன. குறைவதில் பெரும்பகுதி முதல் எட்டு மாதங்களில் நடந்தது. ஸ்வீடனில் ஸ்டெஃபான் எரிக்சனும் டான்-ஓலோஃப் ரூத்தும் இதே முறையில் சோதித்தபோது, குறைந்த, நடுத்தரத் திறன் வேலைகளில் ஒன்பது மாதத்துக்கு மேல் தொடரும் கேப்தான் பாதித்தது. முன்பு எப்போதோ இருந்து, பிறகு வேலையில் சேர்ந்துவிட்டவரின் கேப்பை முதலாளிகள் பொருட்படுத்தவே இல்லை. எனவே முதல் சில மாதங்களைத் தரமான தேடலுக்குக் கொடுப்பது வீண் சூதாட்டம் இல்லை. அரையாண்டைத் தாண்டும்போது மட்டும் வழியை மாற்றுவது பற்றித் தீவிரமாக யோசிக்க வேண்டும்.

இன்னொன்று, கோபம். நியாயமில்லாமல் வெளியே அனுப்பப்பட்டவர் இன்டர்வியூவில் பழைய நிறுவனத்தைப் பற்றி ஒரு வார்த்தை கூடுதலாகச் சொல்லிவிடுவார். எதிரே இருப்பவர் அதைத்தான் நினைவில் வைத்துக்கொள்வார். 1994-இல் ஜேம்ஸ் பென்னிபேக்கரும் அவருடைய சக ஆய்வாளர்களும், ஆட்குறைப்பில் வேலை இழந்த 63 தொழில்முறையாளர்களை வைத்து ஒரு சோதனை செய்தார்கள். ஒரு பகுதியினர் ஐந்து நாட்கள், தினம் 20 நிமிடம், வேலை போனதைப் பற்றிய தங்கள் உள்ளுணர்வுகளை எழுதினார்கள். எட்டு மாதம் கழித்து அவர்களில் பாதிக்கு மேற்பட்டவர்களுக்கு வேலை கிடைத்திருந்தது. மற்றவர்களில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவருக்குத்தான். எழுதியவர்கள் கூடுதலாக விண்ணப்பிக்கவும் இல்லை. சிறிய சோதனைதான், ஆனாலும் ஒரு நோட்டும் பேனாவும் போதும் என்பதால் இதை எல்லோருக்கும் சொல்கிறேன். எழுதியதை யாருக்கும் காட்ட வேண்டியதில்லை, கிழித்தும் போடலாம்.

கிடைத்த வேலையில் சேர்வது

பணம் தீரும் வேளையில் இதைவிடச் சிறந்த வழி இல்லை. வட்டிக்கு வாங்கிக்கொண்டு நல்ல வேலைக்குக் காத்திருப்பவர், கடைசியில் கடன் நெருக்கடியில் மோசமான ஆஃபருக்குத் தலையாட்டிவிடுவார். சிறிய சம்பளம் வந்தாலும் பேரம் பேசுகிற தைரியம் கொஞ்சம் மிஞ்சும். மரியன்தாலில் தொலைந்துபோன நாளின் வடிவமும் திரும்பக் கிடைக்கும்.

ஆனால் இதன் விலையைத் தெரிந்துகொண்டே சேர வேண்டும். முதல் விலை நேரம். எட்டு மணி நேரம் நின்று வேலை பார்த்துவிட்டு வந்து பயோடேட்டாவைத் திருத்த யாருக்கும் தெம்பு இருக்காது. இரண்டாவது விலை பலரும் எதிர்பார்க்காதது. டேவிட் பெடுல்லா 2016-இல் வெளியிட்ட கற்பனை விண்ணப்பச் சோதனையில், தகுதிக்குக் கீழான வேலையில் இருப்பதாகக் காட்டியவர்களுக்கு வந்த அழைப்புகள், வேலையே இல்லாதவர்களுக்கு வந்த அளவுக்குத்தான் இருந்தன. ஹென்றி ஃபார்பர் குழுவினர் நடத்திய இன்னொரு சோதனையில், கல்லூரிப் படிப்பு முடித்த பெண்களின் அலுவலக வேலை விண்ணப்பங்களில் இப்படியொரு இடைக்கால வேலை இருந்தது அழைப்புகளைக் குறைக்கவே செய்தது. ஆக, "ஏதோ ஒரு வேலையில் இருந்தால் கேப் தெரியாது, அது நல்லது" என்ற நம்பிக்கைக்கு ஆதாரம் பலமாக இல்லை. வீட்டுச் செலவுக்காகச் சேருங்கள்; பயோடேட்டாவுக்காகச் சேராதீர்கள்.

சேரும்போது சம்பளத்தைவிட ஷிஃப்ட்டைப் பாருங்கள். எனக்குத் தெரிந்த ஒரு கணக்காளர், பகல் நேர வேலை ஒன்றில் கூடுதல் சம்பளம் கிடைக்கும் என்று தெரிந்தும் அதை விட்டுவிட்டு, ஒரு பெரிய கடையில் மாலை ஷிஃப்ட்டில் பில் போடப் போனார். காலைப் பொழுது மொத்தமும் அவருக்கு மிஞ்சியது. இன்டர்வியூவில் கேட்டபோது நேராகச் சொன்னார்: "வீட்டுச் செலவுக்காக மாலையில் ஒரு கடையில் இருக்கிறேன். காலை முழுக்க கணக்குத் துறையில்தான் தேடுகிறேன்." அதற்கு மேல் யாரும் கேட்கவில்லை. அவர் பயோடேட்டாவின் முதல் வரியில் கடை வேலையைப் போடவில்லை. படிவத்தில் இப்போதைய வேலை என்று கேட்ட இடத்தில் மறைக்கவும் இல்லை. நான் பார்த்ததில் இதைவிடத் தெளிவாக இதைக் கையாண்டவர் இல்லை.

இவ்வளவு நாள் இருந்தே ஆக வேண்டும் என்று பாண்ட் எழுதி வாங்கும் இடத்தைத் தவிருங்கள். போக வர அதிக நேரம் பிடிக்கும் இடத்தையும் தவிருங்கள். உதவித்தொகை பெறுகிறவர்கள், பகுதி நேர வருமானம் வந்தால் அது குறையுமா நிற்குமா என்று சேரும் முன் கேட்டுவிட வேண்டும். விதிகள் நாட்டுக்கு நாடு வேறுபடும்.

சொந்தத் துறையில் கான்ட்ராக்ட்

நடுவழி என்றாலும் பலருக்கும் இதுதான் சிறந்த வழி. பணம் வரும், கை மறக்காது, பயோடேட்டாவில் துறை அறுபடாது. பெடுல்லாவின் அதே சோதனையில், தன் தகுதிக்கேற்ற தற்காலிக வேலையை ஏஜென்சி மூலம் செய்தவர்களுக்குப் பெரிய பாதிப்பு இல்லை. இன்னொரு லாபமும் உண்டு: புதிய மனிதர்களோடு பழக்கம் ஏற்படும், அவர்களில் ஒருவர் நாளைக்கு நிரந்தர வேலைக்கு வாய் திறப்பார்.

இதில் சிக்கல் பணம் வருகிற நேரம். வேலை முடிந்து பில் அனுப்பி, பணம் கைக்கு வர இரண்டு மாதம்கூட ஆகும். முன்பணம் கேளுங்கள், மூன்றில் ஒரு பங்காவது. "சாம்பிளா ஒண்ணு செஞ்சு காட்டுங்க" என்று இலவசமாக நாள்கணக்கில் வேலை வாங்குபவர்களிடம் உங்கள் பழைய வேலைகளைக் காட்டிவிட்டு நகர்ந்துவிடுங்கள். பழைய நிறுவனத்தின் வாடிக்கையாளரிடம் போகும் முன், வெளியே வரும்போது கையெழுத்துப் போட்ட காகிதத்தில் அதற்குத் தடை இருக்கிறதா என்று ஒரு முறை படித்துக்கொள்ளுங்கள்.

கோர்ஸ்

இதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். வெவ்வேறு இன்டர்வியூக்களில் ஒரே குறையை மூன்று பேர் சொல்லியிருந்தால், அந்தக் குறையைக் குறுகிய காலத்தில் தீர்க்க முடிந்தால், சேருங்கள். அதற்கு முன், நீங்கள் விரும்பும் வேலைக்கு ஆள் எடுக்கிற ஒருவரிடம் "இந்தச் சான்றிதழ் இருந்தால் கூப்பிடுவீர்களா?" என்று கேளுங்கள். கோர்ஸ் விற்கிறவரிடம் கேட்காதீர்கள். நிராகரிப்பு வலிக்கும்போது வகுப்பில் உட்கார்ந்திருப்பது ஆறுதலாகத்தான் இருக்கும். கைக்காசு கரைவது மட்டும் நிற்காது.

வீட்டில் சொல்வதா, மறைப்பதா

இதில் எனக்கு இரண்டாவது கருத்தே இல்லை. சொல்லிவிடுங்கள். மறைக்கிறவர் காலையில் வழக்கம்போலக் கிளம்பி எங்கோ பொழுதைக் கழிக்க வேண்டும், செலவைக் குறைக்கச் சொல்ல முடியாது, தெரிந்தவர்களிடம் வேலை கேட்க முடியாது. மேலே சொன்ன எந்த வழியும் அவருக்குத் திறக்காது. பிள்ளைகளுக்கும் வயதுக்கேற்ற அளவில் சொல்லலாம்: "அப்பாவுக்கு வேலை போயிடுச்சு, வேற தேடறேன். கொஞ்ச நாள் சில செலவைக் குறைச்சுக்கணும்." வாரத்தில் ஒரு நாள், ஒரு நேரம் தேடலைப் பற்றிப் பேசுவது என்று வீட்டில் வைத்துக்கொண்டால், மற்ற நாட்களில் "என்னாச்சு, பதில் வந்துச்சா?" என்ற கேள்வி குறையும்.

தேடுகிற இன்னொருவரோடு சேர்ந்துகொள்வதும் நல்லது. மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் வேலை இழந்தவர்களுக்குக் குழுவாகச் சில அரைநாள் பயிற்சிகள் நடத்தி, 1989-இல் முடிவுகளை வெளியிட்டார்கள். எப்படித் தேடுவது என்பதோடு, நிராகரிப்பு வந்தால் அடுத்து என்ன செய்வது என்பதையும் முன்கூட்டியே யோசித்து ஒத்திகை பார்க்க வைத்தார்கள். பங்கேற்றவர்களுக்குக் கூடுதல் சம்பளத்தில் வேலையும் அமைந்தது, பின்னர் நடந்த தொடர் ஆய்வில் மனச்சோர்வும் குறைவாக இருந்தது. நீங்கள் இருவராகவே இதைச் செய்யலாம். வாழ்வதே வீண் என்ற எண்ணம் வரத் தொடங்கினால் அது தேடலோடு சேர்த்துச் சமாளிக்கிற விஷயம் இல்லை. அன்றைக்கே மருத்துவரிடம் போங்கள், கூட ஒருவரை அழைத்துக்கொண்டு.

ஆஃபர் வந்த பிறகு

முதலில் வரும் ஆஃபர் பழைய சம்பளத்தைவிடக் குறைவாக இருக்கலாம். நீண்ட காலம் ஒரே நிறுவனத்தில் இருந்து வேலை இழந்த பென்சில்வேனியா தொழிலாளர்களைப் பற்றி 1993-இல் வந்த ஆய்வில், ஐந்து ஆண்டுகள் கழித்தும் அவர்களின் வருமானம் எதிர்பார்த்ததைவிட ஏறத்தாழ 25 சதவீதம் குறைவாகவே இருந்தது. அந்தக் குறைவு உங்கள் மதிப்பைப் பற்றிய தீர்ப்பு இல்லை. பல வருடம் ஓர் இடத்தில் சேர்த்த அனுபவத்துக்கு வேறு இடத்தில் அதே விலை கிடைப்பதில்லை. சொந்தத் துறையில், கற்றுக்கொள்ள ஏதாவது இருக்கிற இடத்தில், பத்து பதினைந்து சதவீதம் குறைவு என்றால் நான் ஏற்றுக்கொள்ளச் சொல்வேன். ஆறு மாதத்தில் சம்பளத்தை மறுபரிசீலனை செய்வதை எழுத்தில் கேட்டு வாங்குங்கள். மூன்றில் ஒரு பங்கு குறைகிறது, பொறுப்பும் குறைகிறது என்றால், குறித்து வைத்த தேதிக்கு இன்னும் நாள் இருக்கும்பட்சத்தில் காத்திருக்கலாம்.

இடைக்கால வேலையில் இருப்பவர்கள் புதிய ஆஃபர் எழுத்தில் கைக்கு வந்த பிறகுதான் அங்கே சொல்ல வேண்டும், வாய்மொழியை நம்பி விட்டுவிடக் கூடாது. சொல்லும்போது ஒரு வாரமாவது அவகாசம் கொடுங்கள். உங்கள் ஷிஃப்ட்டை எடுத்துக்கொள்ள யாராவது இருந்தால் அவரை நீங்களே கூட்டிப்போய் அறிமுகப்படுத்துங்கள். அவரும் வேலை தேடிக்கொண்டிருப்பவராக இருக்கலாம்.